கொஞ்சம் ஓதம்

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். பட்ஜெட் உரை, நீதிமன்றத் தீர்ப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துக் காகிதம் என்று எல்லாம் கை தாண்டிப் போயிருக்கின்றன. அவை எதுவும் செய்யாததை இரண்டு பக்க மண் அறிக்கை ஒன்று செய்துவிட்டது. அதிலிருந்த 'சம்வாட்' என்ற ஒரே சொல் என்னை நான்கு நாள் உட்கார வைத்தது.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலியில் வேலை பார்க்கிறான். நகரத்துக்குள் வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கடற்கரைச் சமவெளி தொடங்குகிறது. பைன் மரங்கள், புகையிலை, சோயா வயல்கள். அங்கே ஒன்றரை ஏக்கர் மனை ஒன்று விலைக்கு வந்தது. போன அக்டோபரில் போய்ப் பார்த்தான். மேஜை போலச் சமமான தரை, காலில் ஒட்டாத மண். புகைப்படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினான்.

சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டு விலையைக் கேட்கவில்லை. "மண்ணு எப்படி?" என்று கேட்டார். அதற்குக் காரணம் உண்டு. நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர், ஓய்வுக்குப் பின் சென்னைப் புறநகர் ஒன்றில் மனை வாங்கிக் கட்டினார். முதல் கார்த்திகையிலேயே செப்டிக் டேங்க் நிரம்பி, போக வேண்டியது கழிவறை வழியே திரும்பி வந்தது. "வித்தவன் சித்திரையில காட்டினான். நான் சித்திரையில பாத்தேன். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அந்நாட்டு வேளாண்மைத் துறை 1899இலேயே மண் கணக்கெடுப்பைத் தொடங்கிவிட்டது. இப்போது அந்த வரைபடங்கள் இணையத்தில் இலவசம். மனையின் எல்லையைத் திரையில் கோடு போட்டுக் காட்டினால் அதன் மண்ணுக்குப் பெயர், குணம், குறை எல்லாம் அச்சாகி வருகிறது. தம்பி அதை எடுத்துத் தகப்பனுக்கு அனுப்பினான். சித்தப்பா எனக்குத் தள்ளிவிட்டார். "எம்.ஏ. தமிழ் எதுக்குப் படிச்சே? இதைத் தமிழ்ல சொல்லும்மா."

மண்ணின் பெயர் லிஞ்ச்பர்க். ஒரு மண் வகைக்கு ஏதாவது ஓர் ஊரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். பிறகு வருவதுதான் வாய்க்குள் நுழையாது: 'ஃபைன்-லோமி, சிலிசியஸ், செமிஆக்டிவ், தெர்மிக், ஏரிக் பேலியாக்வல்ட்ஸ்'. முதல் பார்வைக்கு மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் நன்னூல் படித்தவருக்கு இது பழகிய விளையாட்டு. பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபதத்தைப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம். கடைசியில் நிற்கும் 'அல்ட்', இறுதி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வால். மழையில் ஊறி, கரைந்து, சத்தெல்லாம் அடித்துச் செல்லப்பட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்த மண். அதற்கு முன்னால் 'அக்வ்', தண்ணீர். அதற்கும் முன்னால் 'பேலி', பழையது. 'தெர்மிக்' என்றால் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 15 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள். 'சிலிசியஸ்', மணலில் பெரும்பங்கு வெறும் படிகக்கல். 'ஏரிக்' என்பதைப் பார்த்ததும் தமிழ்க் காது ஏரியைத்தான் நினைக்கும். பொருள் நேர்மாறு. அது காற்று! தண்ணீர் மண்தான், ஆனால் இந்த இனத்தின் மற்ற மண்களைவிடக் கொஞ்சம் காற்றோட்டம் உள்ளது என்று ஒரு சலுகை.

'லோம்' என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. மணல், வண்டல், களி மூன்றும் எதுவும் மிஞ்சாமல் கலந்த மண். வண்டல் என்று எழுதினால் அது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. 'இருவாட்டி' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, மணலும் களியும் கலந்த தரைக்கு. அதையே வைத்துக்கொண்டேன். சித்தப்பாவுக்கு அது உடனே பிடிபட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர்.

சிக்கல் அடுத்த வரியில். 'சம்வாட் புவர்லி டிரெய்ன்ட்'. மண்ணின் வடிகால் தன்மையை அவர்கள் ஏழு படியாகப் பிரிக்கிறார்கள். மிதமிஞ்சி வடிவது முதல் படி. நன்றாக வடிவது மூன்றாவது. அறவே வடியாததுபோல் நிற்பது ஏழாவது. நம் மனை ஐந்தாவது. 'ஓரளவு வடிகால் குறைந்த' என்று எழுதிப் பார்த்தேன். ஓரளவு குறைவா, ஓரளவு வடிகிறதா? விற்கிறவர் ஒரு மாதிரி வாசிப்பார், வாங்குகிறவர் ஒரு மாதிரி வாசிப்பார். மொழிபெயர்ப்பாளர்கள் இப்படிப்பட்ட இடத்தில் செய்கிற காரியத்தை நானும் செய்யப் பார்த்தேன். அந்த அடைமொழியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது.

விடக்கூடாது. அந்த ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் நடுவில்தான் அமெரிக்கச் சட்டம் நிற்கிறது. ஆறும் ஏழும் பெரும்பாலும் ஈரநில மண்கள். 1985ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஈரநிலத்தை வடித்துப் பயிர் வைக்கிற விவசாயி அரசு உதவிகளை இழக்க நேரிடும். ஐந்தாம் படி பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. வடிக்கலாம், உழலாம், கட்டலாம். ஆனால் தண்ணீருக்குச் சட்டம் தெரியாது. லிஞ்ச்பர்க் மண்ணில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நிலத்தடி நீர் தரையிலிருந்து அரை அடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடையில் வந்து நிற்கும் என்கிறது அறிக்கை. முழங்கால் ஆழம்கூட இல்லை.

நமக்கு இதில் ஒரு புதிர் உண்டு. கிழக்கு வட கரோலினாவில் மழை அதிகம் பெய்வது கோடையில், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. தண்ணீர் மேலே வருவதோ குளிர்காலத்தில். மழை பெய்தால் தண்ணீர் ஏறும் என்று வாழ்ந்த நமக்கு இது புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கோடையில் பெய்கிற மழையை வெயிலும் மரமும் பயிரும் குடித்துவிடுகின்றன. குளிர்காலத்தில் குடிக்க ஆள் இல்லை. பெய்த கொஞ்சமும் கீழே தங்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. கோடை முழுக்க மரங்கள் உறிஞ்சி முடித்த இலையுதிர் காலத்தில் நீர்மட்டம் மிகக் கீழே கிடக்கும். தம்பி மனை பார்க்கப் போனது அக்டோபர். அவன் ஊர்ச் சித்திரை!

இன்னொன்றும் தலைகீழ். ஆற்றங்கரை ஈரம், ஆற்றைவிட்டுத் தள்ளிப் போனால் காய்ச்சல் என்பது நம் கணக்கு. அந்தச் சமவெளியில் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் மைல் கணக்கில் சமதரை கிடக்கிறது. சரிவு நூற்றுக்கு இரண்டு அடிகூடத் தேறாது. நடுவில் விழுந்த மழைக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. அங்கேயே இறங்குகிறது, அங்கேயே நிற்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்தால் தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி ஓடிவிடுகிறது. அதனால் விளிம்பில் உள்ள மண் நன்கு வடிந்து, மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது. மண் ஆய்வாளர்கள் டேனியல்ஸ், கேம்பிள் இருவரும் 1967இல் இதை 'விளிம்பு விளைவு' என்று எழுதினார்கள். விளிம்பிலிருந்து உள்ளே நடந்தால் மண்ணின் பெயர் வரிசையாக மாறுகிறது: நார்ஃபோக், கோல்ட்ஸ்பரோ, லிஞ்ச்பர்க், ரெய்ன்ஸ், பாண்டெகோ. ஒரே கடல் படிவு, ஒரே மழை, ஒரே வெயில். தண்ணீர் நிற்கும் நாட்கள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. நிறமும் மாறிக்கொண்டே போகிறது. நார்ஃபோக்கின் அடிமண் மஞ்சள் கலந்த பழுப்பு. ரெய்ன்ஸ் சாம்பல். பாண்டெகோ மேலே கன்னங்கரேல். அந்த நடு மேட்டுச் சதுப்புகளைப் 'பொகோசின்' என்கிறார்கள். பூர்வகுடிகளின் அல்கான்கியன் மொழிச் சொல். குன்றின் மேல் உள்ள சதுப்பு என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள்.

இந்த நிற மாற்றம்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் தருவது பெரும்பாலும் இரும்புத் துரு. மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் பூச்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் தண்ணீர் நிறைந்தால் காற்று வெளியேறிவிடும். மிச்சமிருக்கிற பிராணவாயுவை நுண்ணுயிர்கள் சில நாளில் தீர்த்துவிடும். பிறகு சுவாசிக்க வழியில்லாமல் அவற்றில் சில அந்தத் துருவின் மேல் கை வைக்கின்றன. துரு, தண்ணீரில் கரையும் இரும்பாக மாறி நகர்ந்துவிடுகிறது. பூச்சு போன துகள் சாம்பல் நிறத்தில் நிற்கும். தண்ணீர் இறங்கியதும் வேர் போன துளை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் காற்று நுழைகிறது. கரைந்திருந்த இரும்பு அங்கேயே மறுபடி துருவாகப் படிகிறது. சாம்பலுக்கு நடுவே செம்மஞ்சள் புள்ளியும் கோடும் விழுவது இப்படித்தான். நாற்றுப் பறிக்கிறவர்கள் இதைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள். நெல் வேரின் மேல் படிந்திருக்கும் செம்பழுப்பு, வேர் கொண்டுவந்த காற்றில் சேற்று இரும்பு பிடித்த துருதான்.

ஆகவே லிஞ்ச்பர்க் மண்ணைத் தோண்டினால் மேலே ஒரு சாண் அளவுக்குக் கருஞ்சாம்பல். அதன் கீழே வெளிர் மஞ்சள் பழுப்பு. இன்னும் கீழே போகப் போக மஞ்சளில் சாம்பல் திட்டு, சிவப்புப் புள்ளி. கடைசியில் சாம்பலே ஆட்சி. சாம்பல் திட்டு எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுவரை வருடா வருடம் தண்ணீர் ஏறி நின்றிருக்கிறது. அக்டோபரில் மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்த நிறம் மாறாது. தரகர் எந்த மாதத்தில் அழைத்துப் போனால் என்ன?

சாம்பல் எது, வெளிர் பழுப்பு எது என்று கண்ணுக்குக் கண் வேறுபடும். அதற்கும் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஆல்பர்ட் மன்செல் என்ற ஓவிய ஆசிரியர் நிறங்களுக்கு எண் கொடுக்கும் முறையை 1905இல் வெளியிட்டார். மாணவர்களுக்கு நிறம் சொல்லித்தர அவருக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து மண் ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பக்கம் பக்கமாக நிறச் சில்லுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துளை. துளைக்குப் பின்னால் மண் கட்டியைப் பிடித்து எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று அடையாளம். கடைசி எண் நிறத்தின் அழுத்தம். அது 2 அல்லது அதற்குக் கீழே என்றால் சாம்பல். வட கரோலினாவில் செப்டிக் டேங்க் அனுமதி தருகிறவர்கள் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான்.

ஊருக்கு வெளியே சாக்கடை இணைப்பு கிடையாது. தொட்டியிலிருந்து வரும் நீரை நீண்ட பள்ளங்களில் விட்டு மண் உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளத்தின் அடிக்கும் ஏறிவரும் நிலத்தடி நீருக்கும் நடுவில் குறைந்தது 12 அங்குலம் தண்ணீர் ஏறாத மண் வேண்டும். மணற்பாங்கான மண் என்றால் 18 அங்குலம். அது இல்லாவிட்டால் வீட்டுக் கழிவு அப்படியே அக்கம்பக்கத்துக் கிணற்று நீரில் கலக்கும். மனை எவ்வளவு அழகாக இருந்தாலும் சாதாரண முறைக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேடு கட்டிச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவைக் கேட்டுத் தம்பி ஒரு நிமிடம் பேசவில்லை.

வரைபடம் பெரும்போக்கானது, சின்னச் சின்ன வேறுபாடுகளைக் காட்டாது. அதனால் அவன் ஒரு மண் ஆய்வாளரை அழைத்துப் போனான். துரப்பணக் கம்பியை நான்கு இடத்தில் முறுக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு குழியின் மண்ணையும் தார்ப்பாயில் வரிசையாகப் பரப்பி எடுத்த படம் எனக்கும் வந்தது. இரண்டு குழிகளில் 14 அங்குலத்திலேயே சாம்பல். ஒன்றில் 20. ஓரத்தில் இருந்த ஒன்றில் 11.

விற்பவர் விட்டுவிடவில்லை. அவர் வாதத்தைத் தள்ளவும் முடியாது. "அந்த நிறம் என் பாட்டன் காலத்தது. கால்வாய் வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது தண்ணீர் நிற்பதே இல்லை" என்றார். சாம்பலான மண் அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகிவிடாது என்பது உண்மை. போன தண்ணீரின் தடம் தண்ணீர் வடிந்த பிறகும் பல காலம் இருக்கும். அந்தச் சமவெளியில் இன்று சோளமும் சோயாவும் பருத்தியும் விளைகிற எத்தனையோ வயல்கள் இப்படிக் கால்வாய் வெட்டி மீட்டவைதான். மண் கடும் புளிப்பு, சுண்ணாம்பு போடாமல் எதுவும் சரியாக வராது. சுண்ணாம்பும் வடிகாலும் கொடுத்தால் நல்ல விளைநிலம். மண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் மேல் வீடு கட்டத்தான் யோசிக்க வேண்டும்.

அந்தக் கால்வாய் யார் நிலத்தில் ஓடுகிறது என்று சித்தப்பா கேட்டார். மனையைத் தாண்டியதும் அடுத்தவர் நிலத்தில். அவர் தூர் வாராமல் விட்டால்? அந்தக் கேள்வி ராலி வரை போய்த் திரும்பி வரவில்லை. 1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயலும் 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயலும் அந்தச் சமவெளியை முழுக அடித்தன. ஃபுளோரன்ஸின்போது சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை. அப்படிப்பட்ட நாளில் தூர்ந்த கால்வாயும் ஒன்றுதான், தூர் வாரிய கால்வாயும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம். கால்வாய் தேவைப்படுவது புயல் இல்லாத சாதாரண ஜனவரியில்.

நம் நாட்டில் இந்த வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா முப்பது வருடம் இருந்த அதே நாக்பூரில்தான் தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம் இருக்கிறது. இதே அமெரிக்கப் பகுப்புமுறையில்தான் நம் மண்களுக்கும் பெயர் வைத்து வகைப்படுத்துகிறார்கள். வடிகால் படிகளும் அவர்கள் அறிக்கைகளில் உண்டு. ஆனால் விவசாயி கைக்கு வருவது 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டை. அதில் 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், புளிப்பு-கார நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. என்ன உரம் வாங்கலாம் என்று சொல்லும். தண்ணீர் எந்த ஆழத்தில் எத்தனை மாதம் நிற்கும் என்ற பதிமூன்றாவது வரி இல்லை. மனை வாங்குகிறவருக்கு அந்த அட்டையும் கிடையாது. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்க்கிறோம். ஓர் ஆள் வைத்து மூன்றடிக் குழி தோண்டிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. சித்தப்பாவுக்கும் அன்று தோன்றவில்லை. தஞ்சை ஜில்லாவில் சேறு மிதித்து வளர்ந்தவருக்கே!

அறிக்கையை ஒரு வழியாக முடித்துத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நிறம், ஆழம், மாதம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். 'ஓரளவு வடிகால் குறைந்த இருவாட்டி' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"என்னம்மா இது? வடியுமா வடியாதா?"

"வருஷத்துல நாலஞ்சு மாசம் அடியில தண்ணி ஏறி நிக்கும் சித்தப்பா. மேல தெரியாது. மத்த மாசம் காஞ்சு கிடக்கும்."

"அதுக்கு ஏன் இவ்வளவு சுத்தறே? கொஞ்சம் ஓதம் ஏறுற மண்ணுன்னு எழுது."

எழுதிவிட்டேன். மண் அறிவியல் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஓதம் என்ற சொல்லில் கீழிருந்து மேலே வருகிற ஈரம் இருக்கிறது, பருவத்துக்கு வந்து போவதும் இருக்கிறது. நான் நான்கு நாள் தேடிய 'கொஞ்சம்' அதன் முன்னால் எந்தக் குழப்பமும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. முன்பணம் கொடுத்த ஒப்பந்தத்தில் மண் சரியில்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்ததால் தம்பி விலகிக்கொண்டான். ஆய்வாளருக்குக் கொடுத்த கூலி மட்டும் போயிற்று.

சித்தப்பா அத்தோடு விடவில்லை. ஆற்றுப் பக்கம், அந்த விளிம்பில், சிவந்த மண் இருக்கிறதாமே, அது என்ன விலை என்று கேட்டு அனுப்பச் சொன்னார். கேட்டேன். "அக்கா, அதை எல்லாரும் முன்னாடியே வாங்கிட்டாங்க" என்று பதில் வந்தது.